பானுவின் மூக்கும் என் மூக்கும்

ஜூன் 1, ஞாயிறு

வரும் புதன்கிழமை எனக்கு மூக்கில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு தினமும் நாலு வரியாவது எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஜெயப்பிரியா. வீக்கம் குறைவது கண்ணாடியில் சட்டென்று தெரியாதாம். எழுதி வைத்துத் திரும்பிப் படித்தால் மனம் தளராதாம். அதற்காகத்தான் இந்த நோட்டு. அட்டையில் மயில் படம் போட்டது ஒன்றுதான் கடையில் இருந்தது.

எதிர் வீட்டு ராஜாமணி அம்மாவிடம் சைனஸ் என்று சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில், மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லி இரண்டு வாரம் விடுப்பு வாங்கினேன். பானுவிடமும் மூச்சு முட்டுவதைத்தான் சொன்னேன். அவள் நர்ஸ். அதுதான் சங்கடம்.

"முப்பத்தெட்டு வருசமா நாம ரெண்டு பேரும் ஒரே மூக்கத்தான் வெச்சிருக்கறோம். எனக்கு நல்லாத்தான மூச்சு வருது?" என்றாள் போனில்.

பானுமதி என் இரட்டை. பதினொரு நிமிடம் மூத்தவள். எங்கள் சொந்த ஊரான கோபிக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். நான் கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் சேலைக்குக் கரை வரைகிறேன். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே கண், நடுவில் சின்ன மேடு வைத்த ஒரே மூக்கு.

பத்து நாள் லீவு போட்டுவிட்டு வருகிறாளாம். வேண்டாம் என்றேன். பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

மதியம் பானு வந்துவிட்டாள். வந்ததும் என் சமையலறையை அவள் சமையலறையாக மாற்றிவிட்டாள். முக்காலி போட்டு ஏறி ஊறுகாய் பாட்டிலை மேல் தட்டில் வைத்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு உப்பும் காரமும் குறைவாம். இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஒன்றை எழுதிவிட வேண்டும்.

டாக்டர் முதல் நாள் கேட்டார், "எதுக்காகப் பண்ணிக்கறீங்க? உங்களுக்கே தெளிவா இருக்கணும்." மூச்சு என்றேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரியில் கோபியில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே நம்பியூர்க்கார அம்மா ஒருவர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதார். அவர் மகளுக்குப் பிரசவத்தில் உயிர் போக இருந்ததாம், நான்தான் ஆம்புலன்ஸில் கூடவே போய்க் காப்பாற்றினேனாம். தன் தலையிலிருந்த மல்லிகையைப் பாதி கிள்ளி எனக்கு வைத்துவிட்டார். பத்து நிமிடம் அந்தக் கையை நான் விடவில்லை. விட மனம் வரவில்லை. பிறகு, "நான் அவங்க தங்கச்சிங்க" என்றேன்.

"ஓ. நீங்க இன்னொருத்தருங்களா" என்றார். கை தானாகவே விலகியது. பூவைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் ஒரு கணம் யோசித்தார், பார்த்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்தே நான் இன்னொருத்திதான். அவள் முகத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டால் நிம்மதி.

எழுதியாயிற்று. மாடிப்படியில் பானுவின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

ஜூன் 5, வியாழன்

(இந்தப் பக்கத்தை எழுதுவது பானுமதி. வசுமதிக்குக் கண் இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கிறது. மூக்கின் மேல் கட்டு இருப்பதால் கண்ணாடியும் போட முடியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.)

நேற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இன்று காலை வீட்டுக்கு வந்துவிட்டேன். வலி அவ்வளவாக இல்லை. (மாத்திரை கொஞ்சம் தாமதமானதற்கு அழுதாள்.) நான் தைரியமாகவே இருந்தேன். (ஊசி போடும்போது என் கையைப் பிடித்ததில் வளையல் நசுங்கிவிட்டது.)

மூக்கின் மேல் சின்னக் கவசம் போல ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் அதைத் தொடக்கூடாது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்க வேண்டும். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயை நன்றாகத் திறந்து தும்ம வேண்டும். (ஒரு தடவை தும்மினாள். ராஜாமணி அம்மா கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.)

வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு அட்டை போல இருக்கிறது. பானு அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தருகிறாள். பானு மாதிரி நர்ஸ் உலகத்தில் கிடையாது. (கடைசி வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. எழுதும்போது வந்துவிட்டது.)

நாளை முதல் (தூங்கிவிட்டாள். வாய் திறந்திருக்கிறது. ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பேனா மூடியைக் காணோம். முன் பக்கங்களில் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.)

ஜூன் 6, வெள்ளி

நானே எழுதுகிறேன். என் கண்ணாடி மூக்கில் உட்காராமல் இருக்க, பானு அதை நெற்றியோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள். ஆறு வாரத்துக்கு மூக்கில் எந்தப் பாரமும் படக்கூடாதாம். நெற்றியிலிருந்து கண்ணாடி தொங்குகிறது. இந்தக் கோலத்துக்கு அவள் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை.

நேற்றைய பக்கத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்தால் மேலுதடு இழுக்கிறது.

பானுவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஊர் மாறினால் அவளுக்கு வயிறு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 7, சனி

கண்ணுக்குக் கீழே நீலம் போய் மஞ்சள் வந்திருக்கிறது. நல்ல அறிகுறியாம்.

காலையில் ஒரு வேடிக்கை. என் போன் முகத்தைப் பார்த்துத் திறக்கிற வகை. கட்டோடு நான் நீட்டி நீட்டிக் காட்டியும் திறக்கவே இல்லை. யார் கூப்பிட்டது என்று பார்க்கப் பானு கையில் எடுத்தாள். உடனே திறந்துகொண்டது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதையும் மாத்தி வெச்சுக்க. நம்பர் போட்டு வெச்சுக்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மாலை வாசலில் ராஜாமணி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்குதான் அடைத்திருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது.

"ஏனுங்கம்மா, எம் மூக்கு பாக்கறதுக்கு அசிங்கமாவா இருக்குது?"

"உனக்கென்ன கண்ணு, லட்சணமா இருக்குது. யாரு சொன்னா?"

"யாருஞ் சொல்லலீங்க."

திடீரென்று இவளுக்கு ஏன் மூக்கைப் பற்றிக் கவலை? என்னைப் பார்த்து ஆசை வந்துவிட்டதோ என்னவோ.

ஜூன் 8, ஞாயிறு

ரசம் சாதம். உப்பில்லை. பேச்சும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலைப் பலகாரம் முடிந்ததும் பானு சேலை மடிப்பைச் சரி செய்தபடி சொன்னாள், "பதினோரு மணி பஸ்ஸுக்குப் போறேன். மருந்து எழுதி வெச்சிருக்கறேன். ராஜாமணி அம்மாகிட்டச் சொல்லியிருக்கறேன்."

"லீவு இன்னும் இருக்குதே? நாளன்னிக்குத்தான கட்டுப் பிரிக்கறாங்க?"

"வேலை இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. போகிறவளைப் பிடித்து வைக்கவா முடியும்? போ, என்று காட்டுவதற்காக, கட்டிலுக்கு அடியில் இருந்த அவள் பையை இழுக்கக் குனிந்தேன். மூக்குக்குள் என்னவோ இளகின மாதிரி இருந்தது. பையின் மேல் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. பிறகு நிற்காமல் விழுந்தது.

பானு சத்தம் போடவில்லை. ஒரு கையால் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள், மறு கையால் கிண்ணத்தை என் மடியில் வைத்தாள். "தலைய அண்ணாக்காத. முன்னாடி கொஞ்சம் சாஞ்சுக்க. மூக்கத் தொடவே தொடாத. வாயில மூச்சு விடு. பேசாத." மூக்குக்குக் கீழே பஞ்சு வைத்தாள். ஐஸைத் துணியில் சுற்றி நெற்றியில் ஒற்றிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தாள். அரை மணி பேச விடாதீர்கள், அதற்குள் நிற்காவிட்டால் அழைத்து வாருங்கள் என்றாராம்.

அரை மணி நேரம் நான் பேச முடியாது. அதை அவள் பயன்படுத்திக்கொண்டாள்.

"அன்னிக்குப் பேனா மூடியத் தேடறப்ப அந்தப் பக்கத்தப் பாத்துட்டேன். ரெண்டு வரி படிச்சதுமே மூடி வெச்சிருக்கோணும். வெக்கல. தப்புதான்."

நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதங்கறன்ல. உங்க டாக்டர் சொன்னதுல எனக்குப் புடிச்சது இது ஒண்ணுதான்."

பஞ்சை மாற்றினாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"நம்பியூர் அம்மா விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. நீ சொன்னாத்தான தெரியும்? சின்னதுல இருந்தே நீ அப்படித்தான். எல்லாத்துக்கும் சிரிச்சுட்டு வந்துருவ. எனக்கு மார்க்கு வந்தா, எனக்குச் சீலை எடுத்தா, எல்லாத்துக்கும் சிரிப்பு. நானும் சரி, இவளுக்கு ஒண்ணும் இல்லயாட்டம் இருக்குதுன்னு இருந்துட்டேன்."

கிண்ணத்தில் சொட்டு விழும் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

"இரவல் மூஞ்சின்னு எழுதியிருக்கற. எனக்கு அப்படித் தோணுனதே இல்ல வசு. டூட்டிக்குக் கெளம்பறப்ப பொட்டு வெப்பேன் பாரு, அப்ப கண்ணாடியில நீயும் இருப்ப. நீ வாரத்துக்கு ஒருக்காத்தான் போன் பண்ணுவ, சில வாரம் அதுவும் இல்ல. நான் ஒண்ணும் நெனச்சுக்கறது இல்ல. அதான் தெனமும் பாத்தர்றனே. இனிமே அதுல நான் மட்டுந்தான் இருப்பேன். எனக்கு வருத்தம் அதுக்குத்தான். மூக்குக்கு இல்ல."

கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள்.

"நின்னுருச்சு. இனி பேசலாம்."

பேசலாம் என்று சொன்ன பிறகும் வெகு நேரம் நான் பேசவில்லை. மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

கடைசியில், "பஸ் போயிருக்கும்" என்றேன்.

"போயிருக்கும்."

"அடுத்த பஸ்ஸு எப்போ?"

"நாளன்னிக்குக் கட்டுப் பிரிச்ச பொறவு" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

ரத்தம் இல்லை. உப்புத்தண்ணீர் ஸ்ப்ரே நாலு வேளை. மதியம் பானு, என் நெற்றியில் தொங்கும் கண்ணாடியைப் பார்த்து, "பொங்கலுக்கு மாட்ட ஜோடிச்ச மாதிரி இருக்குது" என்றாள். சாப்பாடு ருசியாக இருந்தது. உப்பு அதே அளவுதான்.

ஜூன் 11, புதன்

கட்டைப் பிரித்துவிட்டார்கள்.

டாக்டர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நடுவில் இருந்த மேடு இல்லை. அதைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. நுனி உருண்டையாக, மேலே தூக்கிக்கொண்டு, கொய்யாக்காய் மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சவும் கூடாது என்பதால் அது பாட்டுக்கு ஒழுகியது.

"எல்லாரும் அழறாங்க" என்றார் டாக்டர் ஜெயப்பிரியா. "இப்ப பாக்கறது வீக்கத்தைத்தான். மூணு மாசத்துல ஓரளவு வடிவம் வரும். முழுசா அமைய ஒரு வருஷம் ஆகும். உங்களுக்கு ரொம்ப நல்லா ஆறிட்டிருக்கு. வெயில்ல மட்டும் அதிகம் போகாதீங்க."

பானு என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். முதலில் நர்ஸாகப் பார்த்தாள். தையலெல்லாம் சுத்தம் என்றாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள். புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்களே, அப்படி.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "நெசமாத்தான் சொல்றேன். உனக்கு நல்லா இருக்குது."

டாக்டர் விளையாட்டாக, "நீங்களும் பண்ணிக்கறீங்களா? ரெண்டு பேருக்கும் மறுபடியும் ஜோடியா ஆயிடும்" என்றார்.

"வேண்டாங்க டாக்டர். குடும்பத்துல ஒரு சேம்பிளாவது இருக்கட்டுங்க" என்றாள் பானு.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துச் சமாளிக்கிறேன் என்பது இந்தத் தடவை எனக்கே தெரிந்தது. அதனால் நிறுத்திக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள். ஆட்டோ கூப்பிட வேண்டியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

பானு போய்விட்டாள். ஊறுகாய் பாட்டிலை இறக்கி வைக்க மறந்துவிட்டாள். எனக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறலாம். வேண்டாம், இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் யாருக்கும் இருந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டயா?" என்றுதான் வந்தது.

ஜூன் 19, வியாழன்

அலுவலகம் போனேன். எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். முடி வெட்டியிருக்கிறேனா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இளைத்துவிட்டேன் என்றார் மேனேஜர். மூக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இவர்கள் என் முகத்தில் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

மாலையில் ராஜாமணி அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சைனஸ் இல்லை, அழகுக்காகத்தான் பண்ணிக்கொண்டேன் என்று.

"அது மொத நாளே தெரியும் கண்ணு. என் நாத்தனாருக்குச் சைனஸ் ஆப்பரேசன் பண்ணுனாங்க. அவளுக்கு வெளிய ஒரு பிளாஸ்திரி கூட ஒட்டல" என்றார். பிறகு, "நல்லா இருக்கற. சந்தோசமா இருக்கறயா?" என்று கேட்டார்.

வீக்கம் இன்னும் போகவில்லை என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

நுனியில் உணர்வு திரும்பியிருக்கிறது. காபி மணம் வந்தது. நாலு வாரத்தில் முதல் தடவை.

ஜூலை 9, புதன்

பானுவுக்கு இப்போது தினமும் போன் செய்கிறேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "உனக்கு வேற வேலையே இல்லயா?" என்று மட்டும் கேட்கிறாள். ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.

இன்று களைத்துப் போயிருந்தாள். அடுத்த புதன் தடுப்பூசி நாளாம். உதவிக்கு இருக்கும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாளாம். சீட்டு எழுதக்கூட ஆள் இல்லையாம்.

"சீட்டு நான் எழுதறேன்" என்றேன்.

"நீயா? இங்க புள்ளைங்க கத்தற சத்தத்துல ஓடிப்போயிருவ. அதுங்க கைய கால உதைக்கும். மூக்கு பத்திரம்."

"தள்ளி உக்காந்துக்கறேன்."

தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எட்டு மணிக்கெல்லாம் வந்துரோணும்" என்றாள்.

ஜூலை 16, புதன்

இன்றோடு ஆறு வாரம். காலையில் கண்ணாடியை முதல் தடவையாக மூக்கிலேயே போட்டுக்கொண்டு ஐந்தரை மணி பஸ் பிடித்தேன்.

நாற்பது குழந்தைகள். நாற்பதும் ஒரே சுருதியில் அழுதன. பானு அசையாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்து மேசையில் பெயர், பிறந்த தேதி, எடை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை என் பேனாவைக் கடித்தது. இன்னொன்று என் தோளில் பால் கக்கியது. மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து மணி இருக்கும். மூன்று மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயது. இன்னும் வீக்கம் வடியாத என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க யாருங்க? புதுசா வந்த சிஸ்டருங்களா?"

கோபியிலும் சரி, சுற்று வட்டாரத்திலும் சரி, பிறந்ததிலிருந்து என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று பல வருஷமாக நான் தயாராக இருந்தேன். பெயர், ஊர், வேலை, நான் கரை வரைந்த சேலைகள் எந்தெந்தக் கடையில் விற்கின்றன என்பது வரைக்கும். அதில் பானு வரவே மாட்டாள்.

"நான் பானு சிஸ்டரோட ரெட்டைங்க" என்றேன். "கூடப் பொறந்த ரெட்டை."

அவள் என்னைப் பார்த்தாள், பானுவைப் பார்த்தாள். "சும்மா சொல்றீங்க. ஒரு சாடை கூட இல்லீங்களே."

பானுவின் கையில் ஊசி இருந்தது. திரும்பவில்லை. ஆனால் மருந்து ஏற்றும் விரல் நின்றுவிட்டது.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "நல்லாப் பாருங்க. நெத்தியப் பாருங்க. கண்ணப் பாருங்க. மூக்குல மட்டும் நான் ஒரு ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன், அத விட்டுருங்க. சிரிக்கறப்ப பல்லு தெரியறதப் பாருங்க. அந்தக் காதப் பாருங்க, அதே காதுதான் எனக்கும். பானு, காதக் காட்டு இவங்களுக்கு."

"கையில ஊசி இருக்குது, சும்மா இரு புள்ள" என்றாள் பானு.

சொல்லிக்கொண்டே, முழங்கையால் முடியை ஒதுக்கி, காது நன்றாகத் தெரியும்படி எங்கள் பக்கம் தலையைத் திருப்பினாள்.